ஒரு நாழிகைப் பறப்பு

நேபாள தேசத்தின் நடுப்பகுதியில் பொக்காரா, ஜோம்சோம் என்னும் இரண்டு மலையூர்கள் உள்ளன. இவற்றினிடையே தொலைவு யாதென ஒருவர் வினவுவாராயின், ஒரே விடை கூறி அமைதல் இயலாது. தேசப்படத்தின்மீது நூல் பிடித்து அளப்பின் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பேனி வழியாகச் சுற்றிச் செல்லும் சாலையில் அது 150 கிலோமீட்டருக்கு மேற்படும். ஜீப்பில் ஒரு பகற்பொழுது கழிந்துவிடும். விமானமோ சுமார் 20 நிமிஷத்தில் கொண்டுசேர்க்கும். நம் முன்னோர் கணக்கில் அஃது ஒரு நாழிகையும் நிரம்பாத காலம். அச்சிறு காலத்துள் அடங்கியவற்றையே ஈண்டு ஆராய்வோம்.

இவ்வூர்களை இமயத்தின் பெருந்தொடர் பிரித்து நிற்கிறது. கிழக்கே அன்னபூர்ணா 8,091 மீட்டர். மேற்கே தவளகிரி 8,167 மீட்டர். இரண்டிற்கும் இடையே காளிகண்டகி யாறு அறுத்த பள்ளத்தாக்கே வாயில். இவ்வழிச் செல்லும் சிறு விமானங்கள் அக்கொடுமுடிகளுக்கு மேலே பறக்கும் ஆற்றல் உடையன அல்ல. ஆதலின் கோரேபானிக் கணவாயைத் தாண்டிப் பள்ளத்தாக்கினுட் புகுந்து, யாற்றை எதிர்த்து வடக்கே செல்கின்றன. மேகம் வழிமறைப்பின் விலகுதற்கு இடம் அரிது. 2016 பிப்ரவரி 24-இல் இவ்வழியிற் சென்ற விமானம் மலையில் மோதி 23 பேர் மாண்டனர். 2022 மே 29-இல் மற்றொன்று வீழ்ந்து 22 பேர் மாண்டனர்.

மேகத்தோடு காற்றும் சேர்கிறது. பொக்காராவில் ஆண்டுதோறும் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். மலைக்கு அப்பாலுள்ள ஜோம்சோமிலோ அது சுமார் 300 மில்லிமீட்டரே. அவ்வறண்ட வடநிலம் காலை வெயிலில் விரைந்து காய, அங்குள்ள காற்று வெம்மையுற்று மேலெழும். அவ்விடத்தை நிரப்பத் தெற்கிலுள்ள குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கினூடே பாயும். குறுகிய வழியாதலின் வேகமும் மிகும். முற்பகல் கழியுமுன்னரே அது வலுத்துவிடுமாதலால், விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கும். தூரத்தைக் ‘கூப்பிடு தூரம்’ எனக் குரலால் அளந்தவர் நம்மவர். ஜோம்சோம் செல்வார் அதனைக் காற்றால் அளக்கவேண்டும் போலும்! காலை வானம் தெளியாதாயின் 20 நிமிஷப் பயணம் மறுநாளைக்குப் போய்விடும்.

தமிழ் கற்பார்க்கு இவ்வழியில் ஒரு தொடர்பு உண்டு. திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியிற் பாடிய சாளக்கிராமம், ஜோம்சோமுக்கு அப்பாலுள்ள முக்திநாதமே என்பது வைணவர் கொள்கை. ஆகவே தமிழ்நாட்டு முதியோர் பலர் இவ்விமானத்தில் ஏறுகின்றனர். பொக்காரா சுமார் 820 மீட்டர் உயரம். ஜோம்சோம் 2,700 மீட்டருக்கு மேல். முக்திநாதம் ஏறக்குறைய 3,700 மீட்டர். முற்காலத்தில் பல நாள் நடந்து சென்றோர்க்கு உடல் சிறிது சிறிதாக மெல்லிய காற்றிற்குப் பழகிற்று. விமானத்தில் இறங்கி அன்றே ஜீப்பில் மேலேறுவார்க்கோ தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் தோன்றக்கூடும். முற்றினால் உயிருக்கே ஊறு விளையும். ஜோம்சோமில் ஓரிரவேனும் தங்கிப் பின்னர் ஏறுதலே தக்கது. திரும்பும் விமானமும் காலையிலேயே புறப்படுமாதலால், தரிசித்து இறங்கியவர் அங்கே மற்றோரிரவும் தங்க நேரும்.