1433-ஐத் திறந்துவிட்ட கதை

வெள்ளாற்றின் இந்தக் கரையில் லப்பைக்குடிக்காடு, எதிர்க்கரையில் திட்டக்குடி. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் போய்வரும் ஊர் இது. முதலாளி துபாயில் இருக்க, கல்லாவில் மைத்துனர் உட்கார்ந்திருப்பது இங்கே யாருக்கும் புதிதில்லை. அப்படி ஒரு ஜவுளிக்கடைக்குத்தான் இதை எழுதுபவர் பில் போடும் மென்பொருள் செய்துகொடுத்தார். மூன்று கம்ப்யூட்டர்கள், ஒன்றில் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்.

இணைப்பு கொடுத்தது அரை நாள் வேலை. எக்ஸ்பிரஸில் டிசிபி/ஐபி வழக்கமாக அணைந்தே இருக்கும். அதை இயக்கி, போர்ட் 1433 என்று நிறுத்தி, சர்வீஸை மறுபடி ஓடவிட்டு, விண்டோஸ் ஃபயர்வாலில் வழிவிட்டால் தீர்ந்தது. சர்வருக்கு மாறாத ஐபி கொடுத்துவிடுங்கள். மற்ற கம்ப்யூட்டர்களின் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கில் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று விட்டுவிட்டால் அவை சர்வரைத் தேடாமல் தங்களுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்.

வினை பிறகு வந்தது.

“தம்பி, ராத்திரி நான் இங்கேருந்தே கணக்குப் பாக்கணும்” என்றார் முதலாளி. ரவுட்டரில் 1433-ஐ வெளியே திறந்துவிட்டால் போதும், எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்றார் நெட்வொர்க் வேலைக்கு வந்தவர். நிலையான ஐபியும் வாங்கியாயிற்று. மென்பொருள் நுழைந்ததோ ‘எஸ்ஏ’ என்ற கணக்கில். சர்வரில் எதையும் செய்ய அதிகாரம் உள்ள கணக்கு அது. கடவுச்சொல், கடையின் பெயரோடு 123. அதை வைத்தவர் எழுதுபவர்தான், மறுக்கவில்லை. ஆனால் யோசனை சொன்னவர் பிற்பாடு போனைக்கூட எடுக்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

ஒருநாள் காலை கடை திறந்தபோது டேட்டாபேஸ் இல்லை. பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் கிடந்தது. பேக்கப்பும் அதே கம்ப்யூட்டரில் இருந்ததால் அதுவும் போயிற்று. எர்ரர் லாக்கைப் பார்த்தால் 18456 என்ற எண் பக்கம் பக்கமாக: தவறான கடவுச்சொல்லோடு யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. பில் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வைத்துக் கணக்கை மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

சின்னக் கடையை யார் சீண்டப்போகிறார்கள் என்று நினைப்பவர்கள் 2003 ஜனவரி 25-ஐ நினைவில் வைக்க வேண்டும். ‘ஸ்லாமர்’ என்ற புழுவின் அளவு வெறும் 376 பைட். எஸ்க்யூஎல் சர்வரின் 1434 போர்ட் வழியே நுழைந்து, சுமார் 75,000 கணினிகளைப் பிடித்தது. அதில் பெரும்பகுதி பத்தே நிமிடத்தில். ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. சாதாரண டெஸ்க்டாப் மென்பொருள்களோடு எம்எஸ்டிஇ என்ற குட்டி சர்வரும் சேர்ந்தே வந்ததால், தம் கம்ப்யூட்டரில் டேட்டாபேஸ் சர்வர் ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. புழு கடையின் அளவைப் பார்க்கவில்லை, திறந்த போர்ட்டைப் பார்த்தது.

இப்போது அந்தக் கடையில் முதலாளி விபிஎன் வழியாகத்தான் உள்ளே வருகிறார். ‘எஸ்ஏ’ முடக்கப்பட்டுவிட்டது. மென்பொருளுக்குத் தனிக் கணக்கு, தேவையான அனுமதி மட்டும். சாயங்காலம் எடுக்கும் பேக்கப் வெளி டிஸ்க்கில் வீட்டுக்குப் போகிறது. கிளவுடுக்கே போயிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு எழுதுபவரின் பதில் மாறவில்லை: நெட் நின்றாலும் பில் நிற்கக் கூடாது, சர்வர் கடையில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பக்கத்தை இன்றைக்கே திறந்து பாருங்கள். 1433 இருந்தால், முதலாளி கோபித்துக்கொண்டாலும் முதலில் அதை நீக்குங்கள்.