பாத்திரம் அறிந்து கொடுத்தல்

‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்பது முன்னோர் வாக்கு. கொடுப்பவனுக்கு விவேகம் வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆயினும், கொடாமல் இருப்பதற்கே இவ்வாக்கைச் சாக்காகக் கொள்வோரும் உண்டு. ஏழைகளுக்கு அரசு செய்யும் உதவிகளைத் திருத்தியமைக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எதிரெதிரே நிற்கின்றன. உதவியில் புகுந்த குறைகளை நீக்குவது எவ்வாறு? அந்த உதவியையே நம்பி வாழ்பவனைக் கைவிடாமல் காப்பது எவ்வாறு? கேரளத்தின் கொச்சி நகர அனுபவம் இதில் சில பாடங்களைத் தருகிறது.

களையும் பயிரும்

மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையில் உள்ள எர்ணாகுளத்தின் பழைய வணிக வீதி பிராட்வே. இத்தகைய கடைவீதிகளின் வாணிபம் சுமைதூக்கும் தொழிலாளர்களின் தோள்களில் நடைபெறுவது. உடலில் வலு உள்ளவரைதான் அவர்களுக்குப் பிழைப்பு. முதுமை வந்தால் ஆதரவு இல்லை. இந்நிலையை மாற்றவே 1978-ஆம் ஆண்டில் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. வணிகர்களும் தொழிலாளர்களும் செலுத்தும் தொகையைக் கொண்டு நலவாரியம் ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் வழங்க வழி பிறந்தது.

நாளடைவில் இந்தத் தொழிலில் ஒரு தீய வழக்கமும் வேரூன்றியது. அதன் பெயர் ‘நோக்குகூலி’. சுமையைத் தொடாமலே, பிறர் இறக்குவதைப் பார்த்து நின்றதற்காகக் கேட்கப்படும் கூலி அது. சிறு வணிகர்களும், வீடு கட்டும் எளியவர்களும் இதனால் துன்புற்றனர். 2018 மே 1 முதல் அரசு இதற்குத் தடை விதித்தது. அதன் பின்னரும் புகார்கள் எழவே, 2021-இல் கேரள உயர்நீதிமன்றம் இவ்வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால், இந்தத் தீமையைக் காரணம் காட்டி நலவாரியமோ ஓய்வூதியமோ ஒழிக்கப்படவில்லை. களையைக் களைய முற்பட்டவர்கள் பயிரைப் பிடுங்கவில்லை. சீர்திருத்தத்தின் முதல் இலக்கணம் இதுவே.

விடுபட்டவரைத் தேடுதல்

பாத்திரம் அறிதல் என்றதும், தகுதியற்றவரைப் பட்டியலிலிருந்து நீக்குவதே பலருக்கு நினைவில் எழும். தகுதியிருந்தும் பட்டியலில் இடம் பெறாதவர்களைத் தேடிக் கண்டறிவதும் அதனுள் அடங்கும்.

2021-இல் கேரள அரசு கடும் வறுமையை ஒழிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. உணவு, உடல்நலம், வருவாய், உறைவிடம் ஆகிய நான்கையும் அளவுகோலாகக் கொண்டு ஆராய்ந்ததில் 64,006 குடும்பங்கள் கண்டறியப்பட்டன. அவர்களுள் பலரிடம் ரேஷன் அட்டை இல்லை. ஆதார் அட்டையும் இல்லை. சலுகைகள் பல இருந்தும், அவற்றைக் கேட்டுப் பெறும் தாள்கூட அவர்கள் கையில் இல்லை! முதலில் அந்த ஆவணங்களைப் பெற்றுத் தர வேண்டியிருந்தது. பின்னர் ஒவ்வொரு குடும்பத்திற்கும் அதனதன் தேவைக்கேற்பத் தனித் திட்டம் வகுக்கப்பட்டது. ஒருவருக்கு வீடு, மற்றொருவருக்கு மருந்து, நடமாட இயலாதவருக்குச் சமைத்த உணவு.

கடும் வறுமை நீங்கியதாக 2025 நவம்பர் 1 அன்று அரசு அறிவித்தது. அக்கணக்கைக் குறித்துப் பொருளியல் அறிஞர்கள் சிலர் ஐயம் எழுப்பினர். அந்த விவாதம் ஒருபுறமிருக்க, கேட்க இயலாதவனின் வாசலுக்கு உதவி தேடிச் செல்ல வேண்டும் என்ற நெறி போற்றத்தக்கது.

கொடுக்கும் முறை

தகுந்த இடத்தில், தகுந்த காலத்தில், தகுந்தவருக்கு, கைம்மாறு கருதாமல் கடமையெனக் கொடுப்பது சாத்விக தானம் என்று கீதையின் பதினேழாம் அத்தியாயம் வகுக்கிறது. மதிப்பின்றி, இகழ்ச்சியோடு கொடுப்பதை அது தாமச தானம் என்கிறது. ஏழையை நெடுநேரம் காக்க வைத்து, ஐயக்கண்ணோடு நோக்கி, அவமதித்துக் கொடுக்கும் உதவி, அரசின் செலவை எவ்வளவு குறைத்தாலும் தாமசமே ஆகும்.

2021 அக்டோபரில் கொச்சி மாநகராட்சி, எர்ணாகுளம் வடக்குப் பகுதியில் ‘சம்ருத்தி’ என்னும் உணவகத்தைத் திறந்தது. தொடங்கியபோது மதியச் சாப்பாட்டின் விலை பத்து ரூபாய். சமைத்துப் பரிமாறியவர்கள் குடும்பஸ்ரீ மகளிர். 1998-இல் தொடங்கிய வறுமை ஒழிப்பு இயக்கமான குடும்பஸ்ரீ, எளிய பெண்களைச் சிறு குழுக்களாக ஒன்றிணைத்தது. உண்பவன் தன்னால் இயன்றதைத் தந்து, தலைகுனியாமல் உண்கிறான். சமைப்பவளுக்கோ உழைப்புக்கு ஊதியம் கிடைக்கிறது. ஒரே உணவில் இருவரின் மானமும் காக்கப்படுகிறது.

சேவையின் இரு படிகள்

1892-ஆம் ஆண்டின் இறுதியில் சுவாமி விவேகானந்தர் எர்ணாகுளத்திற்கு வந்தார். சட்டம்பி சுவாமிகளை அங்கே சந்தித்தார். சில வாரங்களில் கன்னியாகுமரியை அடைந்து, பாரதத்தின் ஏழைகளை எண்ணி ஆழ்ந்த தியானத்தில் அமர்ந்தார். அந்தச் சிந்தனை 1897-இல் செயல்வடிவம் பெற்றது. அவ்வாண்டு பஞ்சத்தால் வாடிய முர்ஷிதாபாத் மாவட்டத்தில் சுவாமி அகண்டானந்தர் முதலில் அரிசி வழங்கினார். பஞ்சம் தணிந்ததும் தம் பணி முடிந்ததென அவர் திரும்பிவிடவில்லை. ஆதரவற்ற சிறுவர்களுக்கு ஆசிரமம் அமைத்து, கல்வியோடு நெசவும் தச்சும் கற்பித்தார். பசித்தவனுக்கு முதலில் சோறு. பிறகு அவன் சொந்தக் காலில் நிற்க வழி. இந்த வரிசையை மாற்றினால் சீர்திருத்தம் கொடுமையாகும்; முதற்படியிலேயே நின்றுவிட்டால் சேவை குறைபட்டுப் போகும்.

உதவி பெறுபவன் பாத்திரமா என்று ஆராய்வது எளிது. ஏழையின் வடிவில் வந்து நிற்கும் நாராயணனுக்குத் தொண்டு செய்யத் தான் பாத்திரமா என்று கொடுப்பவன் தன்னையே கேட்டுக்கொள்வதுதான் சாதனை.

சிந்தனைக்கு:

1. ஓர் உதவித் திட்டத்தின் குறையைக் களையும்போது, அதனால் முதலில் பாதிக்கப்படுபவர் யார்?

2. நம் தெருவில், தகுதியிருந்தும் எந்த உதவியும் சென்றடையாதவர் யார்?

3. நாம் கொடுக்கும் முறை, பெறுபவரைத் தலைநிமிர வைக்கிறதா?