ஹாப் மணம் எங்கே போகிறது?

கேள்வி: ஓசூரில் குடியிருக்கிறேன். சிப்காட்டில் வெல்டராக இருந்துவிட்டு, இப்போது பெங்களூருவில் ஒரு மைக்ரோப்ரூவரியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஐபிஏ பீர் டிரை ஹாப் (நொதிப்புக்குப் பின் மணத்துக்காகச் சேர்க்கும் ஹாப் பூ) போட்ட முதல் வாரம் மாம்பழமும் எலுமிச்சையுமாக மணக்கிறது. மூன்றாவது வாரம் நிறம் கறுத்து, நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடுகிறது. நொதிப்பு முடிந்து டேங்கைக் குளிரவைத்த பின் மேல்மூடியைத் திறந்துதான் ஹாப் பெல்லட்டைக் கொட்டுகிறோம். கார்பன் டை ஆக்சைடும் விடுகிறோம். பிறகும் ஏன் இப்படி? வீட்டில் 20 லிட்டர் செய்து பழகலாமா?

- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வீட்டில் வேண்டாம். 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பீர் தயாரிப்பது குற்றம். எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினாலும் கர்நாடகக் கலால் சட்டம் உரிமம் கேட்கும். உரிமம் உள்ள இடத்தில்தானே வேலை பார்க்கிறீர்கள், அங்கேயே முதலாளியிடம் கேட்டுச் செய்து பாருங்கள்.

உங்கள் பீரைக் கெடுப்பது ஆக்சிஜன். ஹாப்பின் மண எண்ணெய்களை அது சிதைக்கிறது. ஹாப்பிலும் தானியத்திலும் உள்ள பாலிஃபீனால்களைக் கறுக்க வைக்கிறது. 'கார்பன் டை ஆக்சைடு கனமான வாயு, பீரின் மேல் படிந்து காக்கும்' என்று இந்தத் தொழிலில் பலர் நம்புகிறார்கள். மூடி திறந்திருந்தால் அது நிற்காது, காற்றோடு கலந்துவிடும். அதிலும் நீங்கள் திறப்பது மிக மோசமான நேரத்தில். குளிர்ந்த பீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டிய ஈஸ்டோ அடியில் உறங்கிவிட்டிருக்கும்.

ஸ்டெயின்லெஸ் குழாயை டிக் வெல்டிங் செய்யும்போது உள்ளே ஆர்கான் விட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகுதானே ஆர்க் அடிப்பீர்கள்? இல்லாவிட்டால் உட்புறத் தையல் கருகிப் பொரிந்துவிடும். அதே ஒழுக்கம் இங்கேயும் வேண்டும்.

மூடியைத் திறக்கவே வேண்டாம். டேங்கின் மேல் வாயில் இரண்டு பட்டர்ஃப்ளை வால்வுகளுக்கு நடுவே ஒரு குழாய்த் துண்டை மாட்டுங்கள். அதை நீங்களே வெல்ட் செய்துவிடலாம். கீழ் வால்வு மூடியிருக்க, பெல்லட்டை அதில் போட்டு மேலே அடைத்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடை 1 பார் வரை ஏற்றி வெளியே விடுவதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் ஆக்சிஜன் பாதியாகும். 21 சதவீதத்தில் தொடங்கினால் பத்து முறைக்குப் பின் 0.02 சதவீதம். பெல்லட்டின் துளைகளிலும் காற்று ஒளிந்திருப்பதால் அவசரப்படாதீர்கள். டேங்கின் அழுத்தத்தை முன்பே மெல்ல இறக்கிவிட்டுத்தான் கீழ் வால்வைத் திறக்க வேண்டும். வாயு நிறைந்த பீரில் பெல்லட் விழுந்தால் நுரை பீறிட்டுக் கிளம்பும்.

நேரத்தையும் மாற்றுங்கள். நொதிப்பு முடியும் தறுவாயில், அடர்த்தி இறுதி அளவுக்கு இரண்டு மூன்று புள்ளி மேலே இருக்கும்போதே, 16 முதல் 18 டிகிரியில் போடுங்கள். விழித்திருக்கும் ஈஸ்ட் மிச்ச ஆக்சிஜனைத் தின்றுவிடும். கொஞ்சம் மணத்தையும் அது எடுத்துக்கொள்ளும்தான். ஆனால் ஆக்சிஜனிடம் இழப்பதைவிட அது குறைவு என்பதே என் கருத்து. மறுபடி பயன்படுத்த ஈஸ்ட் வேண்டுமென்றால் ஹாப் போடுமுன் எடுத்துவிடுங்கள்.

அளவு? ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லாஃபோன்டைனும் ஷெல்ஹாமரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் போனால் எலுமிச்சை மணம் கூடாமல் தேயிலை, மூலிகை வாடைதான் கூடுகிறது என்று தெரிந்தது. இரண்டு மூன்று நாள் ஊறினால் போதும். ஹாப்பில் உள்ள நொதிகள் மாவுச்சத்தின் மிச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்க, ஈஸ்ட் மீண்டும் வேலை தொடங்கும்; அப்போது வெண்ணெய் வாடையும் வரலாம். அதனால் அடர்த்தி நிலைத்து, வெண்ணெய் வாடை இல்லை என்று உறுதியான பிறகே குளிரவையுங்கள்.

பீரை நிரப்பும் கெக் பீப்பாயை மறந்துவிடாதீர்கள், பாதிக் கேடு அங்கேதான். சானிடைசர் கரைசலை விளிம்புவரை நிரப்பி, கார்பன் டை ஆக்சைடால் தள்ளி வெளியேற்றிவிட்டு, மூடிய குழாய் வழியே பீரை ஏற்றுங்கள். நொதிக்கும் டேங்கின் வாயுவையே கெக்குகள் வழியே ஓடவிட்டால் சிலிண்டர் செலவு மிச்சம். ஒரு லிட்டர் வோர்ட் (நொதிக்காத மால்ட் சாறு) சுமார் 20 லிட்டர் வாயு தரும். கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மீட்டர் கிடைத்தால், கெக்கில் 50 பிபிபிக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

வெல்டிங் சிலிண்டரை இதற்குக் கொண்டுவராதீர்கள், உணவுத் தர வாயுதான் வேண்டும். வெளியேற்றும் வாயு குளிர் அறையில் தேங்கினால் ஆளையே சாய்த்துவிடும். கதவைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டு, எச்சரிக்கை மீட்டர் மாட்டிய பிறகே வால்வில் கை வையுங்கள்.