வெற்றி முழக்கமும் விடியற் கதிரும்

கவிஞன் சொல்லால் தீட்டுகிறான்; ஓவியன் வண்ணத்தால் பேசுகிறான் என்பர். ஆனால், ஒருவன் தன் பெயரை உரக்கக் கூவியதையும் அதனால் விளைந்த கேட்டையும் வண்ணத்தால் காட்ட இயலுமா? இயலும் என்பதற்கு, ஆங்கில ஓவியர் டர்னர் 1829-இல் இராயல் அக்காதெமிக் கண்காட்சியில் வைத்த ‘பாலிபீமஸை எள்ளும் யுலிசஸ்’ என்னும் எண்ணெய் வண்ண ஓவியம் சான்றாகும். அது இன்று இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது.

கதை, ஹோமரின் ‘ஒடிசி’ ஒன்பதாம் காண்டத்தில் வருகிறது. டிராய்ப் போர் முடிந்து நாடு திரும்பும் யுலிசஸ், ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸின் குகையில் தோழர்களுடன் அகப்படுகிறான். தோழர் அறுவர் அரக்கனுக்கு இரையாகின்றனர். தன் பெயர் ‘யாருமில்லை’ என்று சொல்லிவைத்த யுலிசஸ், மதுவூட்டி மயக்கி, தீயில் காய்ச்சிய கழியால் அவன் கண்ணை அவிக்கிறான். அலறல் கேட்டு வந்த அரக்கர்கள், அவனைத் துன்புறுத்துவது ‘யாருமில்லை’ என்றறிந்து திரும்பிவிடுகின்றனர். விடிந்ததும், ஆட்டுக்கடாக்களின் வயிற்றடியில் ஒளிந்து அனைவரும் தப்புகின்றனர்.

பெயரை மறைத்ததால் பிழைத்தான். ஆனால் கப்பலேறியதும், தோழர் தடுத்தும் கேளாமல், தன் மெய்ப்பெயரையும் தந்தை பெயரையும் ஊரையும் கூவுகிறான். அரக்கனோ கடல் தெய்வம் பொசைடனின் மகன். சபிப்பதற்கு ஒரு பெயர் அவனுக்கு இப்போதுதான் கிடைக்கிறது! விளைவு? போர் முடிந்து பத்தாண்டு கழித்து, தோழர் அனைவரையும் இழந்து, அயலார் கப்பலில் தனியனாய் வீடு சேர்கிறான் யுலிசஸ்.

டர்னர் தேர்ந்தெடுத்தது இக்கூச்சலின் கணத்தையே. நடுவே பொன்னொளி படர்ந்த கப்பல். அதன் கொடியொன்றில் டிராயை வீழ்த்திய மரக்குதிரை. கைகளை உயர்த்தி நிற்கும் தலைவனோ, தேடிக் காணவேண்டிய அளவு சிறியவன். இடப்புறக் குன்றின்மேல், முகிலோ மலையோ என மயங்குமாறு அரக்கன் கிடக்கிறான். கப்பலின் முன்னே நீரில் ஒளிரும் கடல் மகளிர். வலப்புறம் அடிவானில் இளங்கதிர். உற்று நோக்கினால், கதிரவனின் தேர்க்குதிரைகள் மங்கலாகத் தெரியும்.

அக்காலத் திறனாய்வாளர் சிலர் வண்ணம் மிகையென்று பழித்தனர். ரஸ்கினோ, டர்னரின் கலைவாழ்வில் இதுவே மையமான ஓவியம் என்று மதிப்பிட்டார். ரஸ்கின் கருத்தே ஏற்புடையது. இங்கு விடியல் வெறும் அழகன்று. கப்பல் கடக்கவேண்டிய கடல் பொசைடனுடையது. எஞ்சிய தோழர்கள் பின்னாளில் மாய்வதும், கதிரவனின் பசுக்களைக் கொன்று தின்ற பழியாலேயே. அவர்களை அழிக்கப்போகும் கடலும் கதிருமே இங்கே பேரழகாய் விரிந்து கிடக்கின்றன. வென்றவன் அதை அறியாது ஆர்ப்பரிக்கிறான்.

அறிவால் பெற்ற வெற்றியை ஒரு கணச் செருக்கு எத்துணை விலைக்கு விற்றுவிடுகிறது! அறிவுரை ஏதும் எழுதாமலே, சிறிய மனிதனையும் பெரிய வானையும் அருகருகே வைத்து அதனைச் சொல்லிவிட்டார் டர்னர்.