பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்பவர்களுக்கு

பேய்க்கதை கேட்காமல் வளரும் பிள்ளை இல்லை. வீட்டில் சொல்லாவிட்டால் பள்ளிக்கூட வேனில் கேட்டுவிடும். அங்கே சொல்பவன் ஆறாம் வகுப்புப் பையன். எங்கோ படத்தில் பார்த்ததை இன்னும் இரண்டு மடங்கு கூட்டிச் சொல்வான். அதைவிட நல்ல பேய் ஒன்றை நாமே வீட்டுக்குள் அழைத்துவருவது மேல்.

நல்ல பேய்க்கதையில் பயமே இருக்காது என்று அர்த்தமில்லை. பயம் வர வேண்டும். வந்த பயம் கதை முடிவதற்குள் இறங்கிவிடவும் வேண்டும். அந்த இறக்கம்தான் சொல்பவரின் பொறுப்பு. ஐந்திலிருந்து பத்து வயது வரையுள்ள பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

பேய்க்கு ஒரு தேவையைக் கொடுங்கள். எதற்கு வந்தது என்றே தெரியாத பேய்தான் தூக்கத்தைக் கெடுக்கும். பசித்து வந்த பேய், வழி தவறிய பேய், பாட ஆசைப்படும் பேய் என்றால் பிள்ளைக்கு அதனிடம் பேச ஒரு விஷயம் கிடைத்துவிடும். உச்சிவெயிலில் கறிக்குழம்போ பலகாரமோ எடுத்துப் போகிறவர்களின் தூக்குவாளியோடு ஒரு கரித்துண்டையோ இரும்புத் துண்டையோ சேர்த்து அனுப்பும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் உண்டு. வாசனை பிடித்துப் பேய் பின்னாலேயே வந்துவிடும் என்ற நம்பிக்கை. இதிலேயே ஒரு கதை தயாராக இருக்கிறது. அம்மாச்சி வீட்டுக்குப் பணியாரம் கொண்டுபோகும் சிறுமி கரித்துண்டை மறந்துவிடுகிறாள். பனங்காட்டு வழியில் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். திரும்பினால் யாரும் இல்லை. நாலடி நடந்தால் மறுபடியும் சத்தம். "பணியாரம் வேணுமா?" என்று அவள் கேட்டுவிட்டால் போதும், பயம் பாதி இறங்கிவிடும். மீதியைப் பிள்ளையே சொல்லும்.

பசித்த பேய் ஒன்றும் புதிதல்ல. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூட்டமாக வந்து பசி தாங்கவில்லை என்று காளியிடம் முறையிடுகின்றன. போர்க்களத்தில் அவை காய்ச்சும் கூழ் பிள்ளைகளுக்கு வேண்டாம். அந்தப் பசியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதையில் வரும் பிள்ளைக்கு ஏதாவது செய்ய இடம் கொடுங்கள். ஆஸ்கர் வைல்ட் 1887இல் எழுதிய ‘கேன்டர்வில் பேய்’ கதையில், நூற்றாண்டுக் கணக்காகத் தூக்கமில்லாமல் அலையும் பேய்க்கு அமைதி வாங்கித் தருவது வர்ஜீனியா என்ற சிறுமி. பெரியவர்களால் முடியாததை அவளால் செய்ய முடிகிறது. வங்காளத்தில் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுதிய ‘கூப்பி, பாகா’ கதையை அவருடைய பேரன் சத்யஜித் ராய் 1969இல் படமாக்கினார். ஊரே சேர்ந்து விரட்டிவிட்ட பாட்டுக்காரனையும் மேளக்காரனையும் அதில் பேய்களின் ராஜா ஆடவிட்டு, பாடவிட்டு, மூன்று வரம் கொடுத்து அனுப்புகிறார். மனிதர்கள் கேலி செய்த சங்கீதத்தைப் பேய்கள் ரசிக்கின்றன. வகுப்பில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைக்கு இதைவிட ஆறுதலான கதை எனக்குத் தெரியாது.

கேள்வி கேளுங்கள். வேதாளக் கதைகளின் பலமே இதுதான். முருங்கை மரத்திலிருந்து இறக்கிய வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு விக்கிரமாதித்தன் நடக்கிறான். வேதாளம் கதை சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு சிக்கலைப் போடுகிறது. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வேதாளத்தைக் கண்டு பயந்ததாக நினைவிருக்காது. பதில் யோசித்ததுதான் நினைவிருக்கும். மூளைக்கு வேலை வந்ததும் பயம் பின்னால் போய்விடுகிறது. எல்லா வேதாளக் கதையும் சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. வெட்டுக்குத்து இல்லாததைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

காரைக்கால் அம்மையாரைச் சொல்லுங்கள். தன் பாட்டில் தன்னையே ‘காரைக்காற்பேய்’ என்று சொல்லிக்கொண்டவர் அவர். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்குப் படைத்த புனிதவதி (அம்மையாரின் இயற்பெயர் அதுதான்), பிறகு பேய் உருவம் வேண்டுமென்று தானே கேட்டு வாங்கிக்கொள்கிறார். கயிலை மலைமேல் கால் படக்கூடாதென்று தலையாலேயே நடந்து ஏறுகிறார். அந்த எலும்புருவத்தைப் பார்த்துச் சிவன் ‘அம்மையே’ என்று அழைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைக்கிறார்கள். பேயாக இருந்தும் எல்லாரும் கும்பிடுகிற ஒருவரைத் தெரிந்துகொண்ட பிள்ளை, அடுத்து வரும் பேயையும் முகத்தை வைத்து எடைபோடாது.

பேய்க்குச் சட்டதிட்டம் வையுங்கள். கால் தரையில் படாது, நிழல் விழாது, இரும்பைத் தொடாது. இவற்றைப் பிள்ளைகள் பத்திரமாக நினைவில் வைத்திருப்பார்கள். கதையில் சந்தேகப்படும்படி யார் வந்தாலும் முதலில் காலைப் பார்க்கச் சொல்வார்கள்.

சாப்பாடு முடிந்ததும் சொல்லுங்கள், விளக்கணைத்த பிறகு அல்ல. கதை முடிந்து கால் மணி நேரமாவது நாளைக்கு என்ன டிபன், எந்தச் சட்டை என்று வேறு பேச்சு ஓடட்டும்.

முடிவை முழுசாகச் சொல்லுங்கள். பேய் கடைசியில் எங்கே போனது என்பது பிள்ளைக்குத் தெரிந்தாக வேண்டும்.

செய்யக்கூடாதவை

பேயைக் காட்டி மிரட்டாதீர்கள். சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான், தூங்காவிட்டால் பேய் பிடித்துக்கொண்டு போகும் என்பதெல்லாம் கதையில் சேராது. இதில் பேய் கதையை விட்டு வெளியே வந்து வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது, அதுவும் பெற்றவர்களின் ஆளாக. பயந்த பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டியதே உங்களைத்தான். நீங்களே பேயை ஏவிவிட்டால் பிள்ளை எங்கே போகும்? இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பீர்கள் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

பிள்ளை தினமும் கடக்கிற இடத்தில் பேயைக் குடிவைக்காதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியிலுள்ள புளியமரம், வீட்டுக் கழிவறை, கொல்லைக் கிணறு எல்லாம் விலக்கு. ஏழு மலை தாண்டிய ஊரில் இருக்கட்டும்.

ஊரில் உண்மையிலேயே இறந்துபோனவரைப் பேயாக்காதீர்கள். தூக்கு மாட்டிக்கொண்டவர், கிணற்றில் விழுந்தவர் என்று யாருக்கோ நேர்ந்த துயரத்தைக் கதையாக்கினால், இறந்தவரின் பிள்ளையும் அதே தெருவில் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

வெள்ளைப் புடவையையும் விரித்த கூந்தலையும் விட்டுவிடுங்கள். சினிமா பழக்கிவிட்ட இந்த உருவத்தைப் பார்த்துப் பார்த்து, வெள்ளைச் சேலை கட்டிய பாட்டியிடம் போகவே தயங்கும் பிள்ளைகள் உண்டு. கணவனை இழந்த பெண்கள் பட்டது போதாதா? அதேபோல் சுடுகாட்டுப் பக்கம் குடியிருப்பவர்களைப் பேயோடு சேர்த்துப் பேசாதீர்கள். உங்கள் பிள்ளைக்குப் பக்கத்து பெஞ்சில் அந்த வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கலாம்.

பழையனூர் நீலி என்ற பேயின் கதையை அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். காரைக்கால் அம்மையார் இருந்து பாடிய திருவாலங்காட்டை ஒட்டிய ஊர்தான் பழையனூர். ஆனால் நீலி கதை பழிக்குப் பழி. வாக்குத் தவறாத எழுபது வேளாளர் தீப்பாய்ந்ததில் போய் முடிகிறது. பெரிய கதைதான். வளர்ந்த பிறகு கேட்கட்டும்.

முனியையும் காட்டேரியையும் கேலிப்பொருளாக்காதீர்கள். பல வீடுகளில் முனியப்பன் குலதெய்வம். காட்டேரிக்குப் படையல் போடும் குடும்பங்களும் உண்டு.

கதையின் நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். கொள்ளிவாய்ப் பிசாசு சதுப்பு நிலத்து வாயு என்பதைப் பகலில் சொல்லிக்கொள்ளலாம். ராத்திரியில் அலறுவது கூகை என்று ஒரு சாயங்காலம் அதன் வெளுத்த முகத்தைக் காட்டினால் இன்னும் நல்லது.

கைப்பேசியைக் கொடுத்துப் பேய்க்கதை பார்க்கச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும்போது பிள்ளையின் முகம் மாறினால் குரலைத் தணிப்பீர்கள், பேயைச் சற்றுக் குட்டையாக்குவீர்கள். திரைக்கு அது தெரியாது. ஒன்று முடிந்ததும் அடுத்ததை அதுவாகவே ஓட்டிவிடும்.

ராத்திரி விழித்து அழுகிற பிள்ளையிடம் "பேயாவது பிசாசாவது, படு" என்று அதட்டாதீர்கள். விளக்கைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பேய் என்ன கேட்டது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் பதில் வரும். பதில் வந்தால் அந்தப் பேய்க்கு என்ன கொடுத்தனுப்பலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.

வயது வித்தியாசமுள்ள பிள்ளைகள் சேர்ந்து கேட்டால் மூத்ததுக்காகக் கதையைக் கூர்மையாக்காதீர்கள். இளையதின் அளவுக்கே சொல்லுங்கள். மூத்த பிள்ளை முகம் சுளித்தால் பேயின் குரலில் பேசும் வேலையை அதனிடம் கொடுத்துவிடுங்கள்.