பழைய தொலைபேசியின் வயது

ஒரு கோயிலின் காலத்தை எவ்வாறு கணிப்பது என்று வரலாற்று வகுப்பில் மாணவர்கள் கேட்கும்போதெல்லாம், "முதலில் கட்டடத்தைப் பாருங்கள், பிறகு கல்வெட்டைப் பாருங்கள், இரண்டும் ஒத்துவராவிட்டால் அவசரப்படாதீர்கள்" என்று சொல்வது என் வழக்கம். திருப்பணியின்போது கற்களைப் பிரித்து மீண்டும் அடுக்குகையில், எழுத்துள்ள கல் இடம் மாறியும் தலைகீழாகவும் அமைந்துவிடுவதைப் பல ஊர்களில் காண்கிறோம். இவ்வளவும் தெரிந்த நான், ஒரு கருப்புத் தொலைபேசிக்குக் காலம் குறிக்கும்போது இந்தப் பாடத்தை மறந்துபோனேன். அதனால் நேர்ந்த பிழையையும், அதிலிருந்து கற்றதையும் பழம்பொருள் சேகரிக்கத் தொடங்கும் மாணவ நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

லண்டனில் பணிபுரியும் என் மாமா மகன் ஊருக்கு வந்தபோது, அங்கே ஒரு பழம்பொருள் சந்தையில் வாங்கிய டயல் தொலைபேசி ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். எண்களுக்கு நேரே பத்துத் துளைகள், விரலிட்டுச் சுற்றினால் கிர்ரென்று திரும்பும் தட்டு, கையில் எடுத்தால் நல்ல கனம். விற்றவர் 1937ஆம் ஆண்டுப் பொருள் என்று சொன்னாராம். நானும் புத்தகங்களில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் 332ஆம் எண் தொலைபேசி. அந்த வகை 1937இல் வந்தது. ஐயம் தீர்ந்தது என்று எண்ணினேன். அடிப்பக்கம் பிசுக்கேறிக் கிடந்ததால் பஞ்சைத் தின்னரில் நனைத்து நன்றாகத் துடைத்தேன். பஞ்சில் ஏதோ மை கரைந்து வந்தது. அழுக்கு என்றே நினைத்தேன். துறைக் கண்காட்சியில் அதை வைத்து, "பிரிட்டிஷ் தொலைபேசி, 1937" என்று ஓர் அட்டையும் எழுதி வைத்தேன்.

இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் அட்டையைப் படித்துவிட்டு, "சார், 1937 என்று இதில் எங்கே போட்டிருக்கிறது?" என்று கேட்டார்.

"வடிவத்தைப் பார்த்தாலே தெரியுமே" என்றேன்.

"அம்பாசடர் காரை வடிவத்தைப் பார்த்து எந்த வருஷம் என்று சொல்ல முடியுமா சார்?"

என்னிடம் விடையில்லை. அன்று மாலையே திருப்புளியை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன்.

வடிவம் சொல்வது குடும்பத்தின் பிறப்பாண்டை மட்டுமே; நம் கையிலுள்ள கருவியின் பிறப்பாண்டை அன்று. எனினும் தொடக்கம் அங்கிருந்துதான் ஆகவேண்டும். பிரிட்டிஷ் வரிசையை எடுத்துக்கொள்வோம். 1929இல் வந்த 162ஆம் எண் கருவி, மேல்நோக்கிக் குறுகும் கூர்நுனிக் கோபுரம் போன்ற உடல் கொண்டது. சீமென்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் நியோஃபோன் என்ற பெயரில் வடிவமைத்தது அது. அதற்குள் மணி கிடையாது. மணிப்பெட்டி தனியே சுவரிலோ கருவிக்கு அடியிலோ இருக்கும். 332 அதைவிட அகன்றது, மணியைத் தன் வயிற்றுக்குள்ளேயே கொண்டது. அதன் உருவத்துக்கு மூலம் இங்கிலாந்து அன்று, ஸ்காண்டிநேவியா. நார்வே நாட்டு ஓவியர் ஜீன் ஹைபெர்க் 1930களின் தொடக்கத்தில் எரிக்சன் நிறுவனத்துக்காக அமைத்த பேக்லைட் தொலைபேசியின் சாயல் அது. ஓர் ஓவியரின் கை பட்டதனால்தான் இன்றும் பார்க்க அழகாக இருக்கிறது என்பது என் எண்ணம். 1959இல் வந்த 706 பிளாஸ்டிக்கால் ஆனது, வளைவுகள் மெலிந்தவை. 1967இல் வந்த 746 ஏறத்தாழ அதே சாயல்தான். ஆனால் ரிசீவர் அமரும் இடத்துக்குக் கீழே விரல்களை நுழைத்துத் தூக்கிச் செல்ல ஒரு பிடி உண்டு. இந்த நான்கையும் பிரித்தறியப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

டயலில் உள்ள எழுத்துகள் நாட்டைக் காட்டிக்கொடுக்கும். பெரிய நகரங்களில் நிலையத்தின் பெயரில் முதல் மூன்று எழுத்துகளைச் சுற்றிய பிறகு எண்ணைச் சுற்றும் முறை இருந்தது. லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் புகழ்பெற்ற எண் "வைட்ஹால் 1212" என்பது இவ்வாறு வந்ததே. ஆங்கில எழுத்தான "ஓ" எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க டயலில் அது 6ஆம் துளையில் "எம், என்" ஆகியவற்றோடு இருக்கும். பிரிட்டிஷ் டயலில் 6இல் "எம், என்" மட்டும். "ஓ" பூச்சியத்தோடு சேர்ந்திருக்கும். லண்டனில் இம்முறை 1927இல் தானியங்கி நிலையத்தோடு தொடங்கியது. 1966 முதல் எண்கள் மட்டுமே போதும் என்று மாற்றத் தொடங்கினர். இதை வைத்து, எழுத்தில்லாத டயல் எல்லாம் 1966க்குப் பிற்பட்டவை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறிய ஊர்களின் டயல்களில் முன்பும் வெறும் எண்களே இருந்தன. மேலும், எண்தட்டு எளிதில் மாற்றத்தக்கது.

பொருளையும் சோதிக்கலாம். பேக்லைட் என்பது லியோ பேக்லண்ட் 1907இல் உருவாக்கிய செயற்கைப் பிசின். கட்டைவிரலால் ஓரிடத்தைச் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் பழைய ஆஸ்பத்திரித் தாழ்வாரம் போன்ற ஒரு கார்பாலிக் வாடை வரும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வோரும் உண்டு. குத்திய தழும்பு என்றும் போகாது, அந்த யோசனையைக் கேளாதீர்கள்.

இனி, திறந்து பார்ப்பது. கருவி எந்தத் தொலைபேசி இணைப்பிலும் இருக்கக் கூடாது. இணைப்பில் எப்போதும் ஐம்பது வோல்ட் அளவில் நேர்மின்சாரம் இருக்கும். மணியடிக்கும் வேளையில் அதைவிட மிகுந்த மாறுமின்சாரம் வந்து கையைச் சுண்டும். அடித்தட்டின் திருகுகளைக் கழற்றுமுன் அடிப்பக்கத்தைப் படியுங்கள். வகை எண், செய்தவரின் சுருக்கெழுத்து, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சில அச்சில் பதிந்தவை. சில ரப்பர் முத்திரை கொண்டு மையால் இட்டவை. நான் தின்னரால் துடைத்தெடுத்தது அந்த முத்திரையைத்தான். விளக்கொளியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது "எஃப், டபிள்யூ, ஆர்" என்ற மூன்று எழுத்துகள் நிழல்போல் தெரிந்தன. அடுத்திருந்த ஆண்டு முற்றிலும் போய்விட்டது.

மூன்று எழுத்துகளின் பொருளைத் தேடி அறிந்தபோது என் வருத்தம் இரட்டித்தது. அவை ஒரு நிறுவனத்தின் பெயரன்று. அஞ்சல் துறையின் வேல்ஸ் பகுதித் தொழிற்சாலையில் பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்பட்டது என்பதன் அடையாளம் அது. அந்நாளில் தொலைபேசி சந்தாதாரருக்குச் சொந்தமன்று; துறைக்குச் சொந்தம். வீட்டுக்காரர் இணைப்பைத் துண்டித்தால் கருவி திரும்பிப் போகும். தொழிற்சாலையில் அதைப் பிரித்து, நல்ல உறுப்புகளைத் துடைத்து, தேய்ந்தவற்றை மாற்றி, மெருகேற்றி, முத்திரையிட்டு வேறொரு வீட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு மேசைமீது நூறு டயல்களும் இன்னொரு மேசைமீது நூறு ரிசீவர்களும் குவிந்திருந்தால், எந்த டயல் எந்த உடலோடு பிறந்தது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? திருப்பணி கண்ட கோயிலின் கதைதான் இது.

ஆகவே ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். டயலைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பாருங்கள். ரிசீவரின் பேசும் முனையிலுள்ள மூடியைத் திருகினால் உள்ளே ஒரு வட்டமான கரித்தூள் பெட்டி இருக்கும். அதிலும் ஆண்டு இருக்கக்கூடும். ரிசீவரின் பிடியிலேயே 164 என்ற வகை எண்ணும் ஆண்டும் பதிந்திருக்கும். ஒயரை மட்டும் சாட்சியாகக் கொள்ள வேண்டாம். நூல் பின்னிய ஒயர் பழைமை, சுருள் பிளாஸ்டிக் ஒயர் புதுமை என்பது பொதுவாக உண்மையே. ஆனால் எல்லாவற்றிலும் எளிதாக மாற்றக்கூடியது ஒயர்தான். நூல் பின்னிய ஒயர் இன்று புதிதாகவே விற்கப்படுகிறது.

அமெரிக்கக் கருவிகளில் இவ்வேலை இன்னும் சுவையானது. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 302 என்ற வகையும் நம் 332 போலவே 1937இல் வந்ததுதான். ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்த அதன் மேலுறை முதலில் உலோகம். போர்க்காலத்தை ஒட்டி அது பிளாஸ்டிக்காக மாறியது. அதன்பின் வந்த 500ஆம் எண் கருவியில் மணி, டயல், அடித்தட்டு, ரிசீவர், மேலுறையின் உட்புறம் என ஏறக்குறைய எல்லா உறுப்புகளிலும் மாதமும் ஆண்டும் இருக்கும். எல்லாம் ஒத்துவந்தால் சேகரிப்பவருக்குக் கொண்டாட்டம். ஆனால் 1955 முதல் அந்நிறுவனம் ஒரு வேலை செய்தது. கிடங்கில் மிகுந்திருந்த பழைய 302களின் உடலை எடுத்து, 500இன் சாயலில் செய்த புதிய மேலுறையைக் கவிழ்த்து, 5302 என்று எண்ணிட்டு வழங்கியது. முகத்தைப் பார்த்தால் 1955. வயிற்றைத் திறந்தால் 1930கள். இதில் வஞ்சம் ஒன்றுமில்லை. நல்ல உறுப்பை ஏன் எறிய வேண்டும் என்ற சிக்கனம்தான். என்றாலும் வடிவத்தை மட்டும் நம்பும் என் போன்றோர்க்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை வேறில்லை.

நம் நாட்டுப் பழைய கருவிகளுக்கும் இந்த முறை பொருந்தும். இந்தியத் தொலைபேசித் தொழிலகம் பெங்களூரில் 1948இல் நிறுவப்பட்டது. அதன் ஐ.டி.ஐ. முத்திரை உள்ள உறுப்பு எதுவும் 1948க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. "வெள்ளைக்காரன் காலத்துப் போன்" என்று காயலான் கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் சரி. அஞ்சல் தந்தித் துறை 1985இல் இரண்டாகப் பிரிந்தது; அத்துறையின் பழைய முத்திரை இருந்தால், அந்த உறுப்பு பெரும்பாலும் அதற்கு முற்பட்டது எனலாம். இங்கும் கருவி துறையின் சொத்தே. பழுதுபார்த்துத் திரும்ப வழங்கப்பட்டதே.

முழுப் போலிகள் வேறு கதை. பித்தளையும் மரமுமாக மின்னும் கருவிகளைச் சுற்றுலாத் தலங்களில் காண்கிறோம். அவற்றுள் பெரும்பாலானவை அலங்காரத்துக்காகச் செய்தவை. டயல் துளைக்குள் விரலிட்டால் அது சுழலாமல் பொத்தானாக அமுங்கினால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. ஜி.பி.ஓ. என்ற எழுத்துகளையே பெயராகக் கொண்டு 746இன் வடிவில் புதிய கருவிகளும் விற்பனைக்கு வந்துள்ளன; பிரிட்டிஷ் அஞ்சல் துறை அந்த அரசுத் துறை வடிவில் இருந்தது 1969 வரைதான். உண்மையான டயலில் பூச்சியத்தைச் சுற்றிவிட்டால் நொடிக்குப் பத்துத் துடிப்பு என்ற கணக்கில் ஏறத்தாழ ஒரு நொடியில் சீராகத் திரும்பி வரும். இழுத்து இழுத்துத் திரும்பினால் எண்ணெய்ப் பிசின் கட்டியிருக்கிறது என்று பொருள். இது நலத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

என் தொலைபேசிக்கு வருகிறேன். டயலின் பின்புறம் 54 என்றிருந்தது. ரிசீவரின் பிடியில் 48. பேசும் முனையின் கரித்தூள் பெட்டியில் 62. மணியில் ஒன்றுமில்லை. ஆக இது 1937இல் பிறந்த கருவி என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. வேல்ஸில் புதுப்பித்தது எப்போது என்பதே அடுத்த வினா. டயல் அப்போது மாற்றப்பட்டதென்றால் 1954க்குப் பிறகு. கரித்தூள் பெட்டியும் அப்போதே மாற்றப்பட்டதென்றால் 1962க்குப் பிறகு. ஆனால் கரித்தூள் பெட்டி எல்லாவற்றிலும் விரைவில் கெடுவது; வீட்டுக்கு வந்த பணியாளர் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். இந்த ஐயத்தைத் தீர்க்கக்கூடிய ஒரே சான்று அடியிலிருந்த மை முத்திரை. அதை நான் பஞ்சோடு குப்பையில் போட்டுவிட்டேன்.

பழைய அட்டையை எடுத்துவிட்டு வேறு அட்டை எழுதினேன். அதில் உள்ளது இது: "பிரிட்டிஷ் அஞ்சல் துறைத் தொலைபேசி, எண் 332. இவ்வகை அறிமுகமான ஆண்டு 1937. இக்கருவியின் ரிசீவர் 1948, டயல் 1954, கரித்தூள் பெட்டி 1962. வேல்ஸில் புதுப்பிக்கப்பட்டது. புதுப்பித்த ஆண்டைக் காட்டும் முத்திரை, கருவியைப் பெற்றவர் துடைத்ததால் அழிந்தது."

கடைசி வரி வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, கேள்வி கேட்ட அந்த மாணவரையே அழைத்து அட்டையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன்.