மூடிய மண்ணின் அடியில்

நுழையும் முன்

குப்பையை மண்ணிட்டு மூடினால் அது கண்ணுக்கு மறைகிறது. நிலத்தை விட்டும் மறைகிறதா? அமெரிக்காவில் ஒரு குப்பைக் குழியும் அதன் ஓரத்தில் எழுந்த ஒரு பள்ளியும் இவ்வினாவுக்குத் தந்த விடையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

1. கைவிடப்பட்ட கால்வாய்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், புகழ்பெற்ற நயாகரா அருவியின் பெயரையே தாங்கிய நகரம் ஒன்று உள்ளது. 1890-களில் வில்லியம் லவ் என்பவர் அங்கே ஒரு புதுநகரை அமைக்கத் திட்டமிட்டார். நயாகரா ஆற்றின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒரு கால்வாயால் இணைத்து, நீர் விழும் விசையைக் கொண்டு மின்சாரம் எடுப்பது அவரது எண்ணம். ஆனால் பொருளாதார வீழ்ச்சி வந்தது. பணி பாதியில் நின்றது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பள்ளம் மட்டுமே எஞ்சியது. மக்கள் அதனை 'லவ் கால்வாய்' என்று அழைத்தனர்.

1920-களில் அப்பள்ளம் நகரத்தின் குப்பைக் குழியாயிற்று. பின்னர் 1942 முதல் 1953 வரை ஹூக்கர் என்னும் வேதிப்பொருள் நிறுவனம் 21,000 டன்னுக்கும் மேற்பட்ட நச்சுக் கழிவுகளை அதில் புதைத்தது. அவற்றுள் பெரும்பகுதி இரும்புப் பீப்பாய்களில் அடைக்கப்பட்டிருந்தது. குழி நிறைந்ததும் அதன்மேல் களிமண் பரப்பப்பட்டது. களிமண்மேல் புல் முளைத்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது வெறும் புல்வெளியாகவே தோன்றியது.

2. ஒரு டாலர் நிலம்

அந்நாளில் நகரத்தில் மக்கள்தொகை பெருகியது. புதிய பள்ளிகள் தேவைப்பட்டன. 1953-ஆம் ஆண்டு ஹூக்கர் நிறுவனம் அந்நிலத்தை ஒரே ஒரு டாலர் விலைக்கு நகரப் பள்ளி வாரியத்திற்கு விற்றது. நிலத்தடியில் வேதிக்கழிவுகள் இருப்பதை விற்பனைப் பத்திரம் குறிப்பிட்டது. அவற்றால் எவருக்கேனும் தீங்கு நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பேற்காது என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது.

எச்சரிக்கை பத்திரத்தோடு நின்றுவிட்டது. 1955-இல் அவ்விடத்தில் ஒரு தொடக்கப்பள்ளி திறக்கப்பட்டது. அதனைச் சுற்றி வீடுகள் எழுந்தன. வீடு வாங்கிய குடும்பங்களுள் பல, தம் தோட்டத்தின் அருகே என்ன புதைந்துள்ளது என்பதை அறியவில்லை. பள்ளி கட்டியபோதும், சாலை அமைத்தபோதும், கழிவுநீர்க் குழாய் பதித்தபோதும் களிமண் மூடியும் பக்கச் சுவர்களும் பல இடங்களில் சிதைந்தன.

3. தொட்டி நிரம்பியது

தமிழக ஊர்ப்புறங்களில் எருக்குழி என்று ஒன்று உண்டு. சாணமும் சருகும் அதில் மக்கி, சில மாதங்களில் வயலுக்கு உரமாகும். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் அவற்றை உண்டு சிதைப்பதே அதற்குக் காரணம். தொழிற்சாலையின் நச்சுக் கழிவுகள் பல அவ்வாறு எளிதில் சிதைவதில்லை. அவை பல்லாண்டுகள் மண்ணிலேயே தங்கும். நீர் வந்தால் அதனோடு நகரும்.

லவ் கால்வாய்ப் பகுதியின் மண் களிமண். நீர் அதனுள் எளிதில் இறங்காது. ஆகவே அக்குழி ஒரு தொட்டியைப் போல் அமைந்திருந்தது. மூடி முழுமையாக இருந்தவரை மழைநீர் உள்ளே புகவில்லை. மூடி சிதைந்தபின் மழையும் உருகிய பனியும் உள்ளே இறங்கித் தேங்கின. இரும்புப் பீப்பாய்கள் துருப்பிடித்து உடைந்தன. நீரும் நச்சும் கலந்து கசிவுநீர் உருவாயிற்று. 1970-களின் நடுவில் பெய்த கடும் மழையாலும் பனியாலும் தொட்டி நிரம்பி வழிந்தது.

கசிவுநீர் அருகிலிருந்த வீடுகளின் நிலவறைகளுக்குள் ஊறியது. சுவர்களில் கறுத்த பிசின் போன்ற பொருள் வழிந்தது. மூச்சை அடைக்கும் நெடி வீடுகளில் பரவியது. தோட்டத்து மரங்களும் செடிகளும் பட்டுப்போயின. மண் தாழ்ந்த இடங்களில் பீப்பாய்கள் மேலே தலைகாட்டின. உள்ளூர்ச் செய்தித்தாள் இவற்றை ஆராய்ந்து வெளியிட்டது. அரசு அறிவியலாளர் மண்ணையும் காற்றையும் ஆய்ந்தபோது, புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் உள்ளிட்ட பல வேதிப்பொருள்கள் இருப்பது தெரியவந்தது.

4. கதவைத் தட்டிய தாய்

லோயிஸ் கிப்ஸ் அப்பகுதியில் வாழ்ந்த இல்லத்தரசி. அவருடைய மகன் அப்பள்ளியில் மழலையர் வகுப்பில் பயின்றான்; அவன் உடல்நலம் குன்றியிருந்தது. 1978-இல் செய்தித்தாளைப் படித்த அவர், மகனை வேறு பள்ளிக்கு மாற்றுமாறு பள்ளி வாரியத்திடம் வேண்டினார். வேண்டுகோள் மறுக்கப்பட்டது. அதன்பின் அவர் தம் மகனுக்காக மட்டும் கேட்பதை விட்டார். பள்ளியையே மூடவேண்டும் என்னும் மனுவை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார். ஒவ்வொரு கதவின் பின்னும் நோயின் கதை ஒன்று இருந்தது.

1978 ஆகஸ்டு 2 அன்று மாநிலச் சுகாதாரத் துறை நெருக்கடி நிலையை அறிவித்தது. பள்ளியை மூட ஆணையிட்டது. குழிக்கு மிக அருகில் வாழ்ந்த கருவுற்ற பெண்களும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் வெளியேறுமாறு அறிவுறுத்தியது. அப்படியானால் எஞ்சியோரின் கதி என்ன என்று மக்கள் வினவினர். ஐந்து நாள்களுக்குப் பின் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் மத்திய அரசின் நெருக்கடி நிலையை அறிவித்தார். குழியை ஒட்டியிருந்த 239 குடும்பங்களின் வீடுகளை விலைக்கு வாங்க முடிவு செய்யப்பட்டது.

சற்றுத் தொலைவில் வாழ்ந்தோர் கைவிடப்பட்டதாக உணர்ந்தனர். அவர்களின் போராட்டம் மேலும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1980-இல் இரண்டாம் முறை நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. முடிவில் 800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்பகுதியை விட்டு வெளியேறின.

5. தூய்மைப் பணி

மக்கள் வெளியேறினர், நச்சு வெளியேறவில்லை. அதனை என்ன செய்வது?

முழுவதையும் தோண்டி எடுப்பது ஒரு வழி. ஆனால் தோண்டும்போது நச்சாவி காற்றில் கலக்கும். உடைந்த பீப்பாய்கள் மேலும் உடையும். எடுத்ததை வேறோர் ஊரின் மண்ணில்தான் வைக்க நேரும். ஆகவே இருந்த இடத்திலேயே நச்சை அடக்கிக் காக்கும் வழி மேற்கொள்ளப்பட்டது. அதன் படிநிலைகள் பின்வருமாறு:

முதலாவது, வடிகால். குழியைச் சுற்றி அகழி வெட்டி, அதனுள் துளையிட்ட குழாய்கள் பதிக்கப்பட்டன. வெளியே பரவவிருந்த கசிவுநீர் அக்குழாய்களில் வந்து சேர்ந்தது.

இரண்டாவது, மூடி. 16 ஏக்கர் பரப்புள்ள குழியின்மேல் 40 ஏக்கர் பரப்புக்கு மூடி அமைக்கப்பட்டது. களிமண்ணும் நீர் புகாத செயற்கை விரிப்பும் கொண்ட அம்மூடி, மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கிறது. குழியைவிட மூடி அகலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓரங்களிலும் நீர் புகாமல் காக்கவேண்டும் அல்லவா?

மூன்றாவது, சுத்திகரிப்பு. வடிகாலில் சேரும் கசிவுநீர் ஒரு நிலையத்திற்கு இறைக்கப்படுகிறது. அங்கு நச்சுப்பொருள்களை ஈர்த்துக்கொள்ளும் கரி வழியாக அது செலுத்தப்படுகிறது. தூய்மையான பின்னரே நகரக் கழிவுநீர்க் குழாயில் விடப்படுகிறது.

நான்காவது, சுற்றுப்புறத் தூய்மை. நச்சு ஏற்கெனவே பரவியிருந்த கழிவுநீர்க் குழாய்களிலிருந்தும் ஓடைகளிலிருந்தும் சேறு அகற்றப்பட்டது. பள்ளியும் குழியை ஒட்டிய வீடுகளும் இடிக்கப்பட்டன.

ஐந்தாவது, கண்காணிப்பு. 70 ஏக்கர் நிலத்தைச் சுற்றி வேலி இடப்பட்டது. நிலத்தடி நீரை ஆய்வதற்குக் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டப்பட்டன.

2004-ஆம் ஆண்டு, மிகவும் மாசுபட்ட இடங்களின் தேசியப் பட்டியலிலிருந்து லவ் கால்வாய் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே, சற்றுத் தொலைவிலிருந்த 260-க்கும் மேற்பட்ட வீடுகள் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் மக்கள் குடியேறியிருந்தனர். ஆனால் புதைத்த கழிவு இன்றும் அந்த மூடியின் அடியில்தான் இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் இன்றும் இயங்குகிறது. இயந்திரம் நின்றால் தொட்டி மீண்டும் நிரம்பத் தொடங்கும். பதினோர் ஆண்டுகள் கொட்டியதைப் பல தலைமுறைகள் காவல் காக்கவேண்டியுள்ளது.

6. அழித்தவரே ஈடுசெய்க

லவ் கால்வாயின் துயரம் ஒரு சட்டத்திற்கு வழிவகுத்தது. 1980 டிசம்பரில் கார்ட்டர் கையொப்பமிட்ட அச்சட்டம் 'சூப்பர்ஃபண்ட்' என்று வழங்கப்படுகிறது. மாசுபடுத்தியவரே தூய்மைச் செலவை ஏற்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. பொறுப்பானவரைக் கண்டறிய இயலாத இடங்களைத் தூய்மை செய்ய, வேதிப்பொருள், எண்ணெய் நிறுவனங்களின் வரியைப் பெரும்பகுதியாகக் கொண்டு நிதி திரட்டப்பட்டது. ஹூக்கரை வாங்கியிருந்த ஆக்ஸிடென்டல் நிறுவனம், 1995-இல் மத்திய அரசுக்கு 12.9 கோடி டாலர் தர உடன்பட்டது. ஒரு டாலருக்குக் கைமாறிய நிலத்தின் உண்மையான விலை அப்போது வெளிப்பட்டது.

7. இந்திய நகரங்களின் குப்பைமேடுகள்

இந்தியாவின் பெருநகரங்களிலும் பழைய குப்பைக் கிடங்குகள் உள்ளன. தில்லியின் காஜிப்பூர்க் கிடங்கு 1984-இல் தொடங்கப்பட்டது. 2002-இலேயே நிறைந்துவிட்டபோதும் குப்பை தொடர்ந்து கொட்டப்பட்டது. 2017 செப்டம்பர் 1 அன்று மேட்டின் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரிழந்தனர்.

லவ் கால்வாயில் இருந்தவை பெரும்பாலும் தொழிற்சாலைக் கழிவுகள். காஜிப்பூர் போன்ற மேடுகளில் இருப்பவை பெரும்பாலும் வீடுகளிலிருந்து வந்தவை. எனவே இங்கு வேறொரு வழி இயலும். பழைய குப்பையைத் தோண்டி, கிளறி உலர்த்தி, சல்லடை இயந்திரத்தில் சலித்து, மண், நெகிழி, கல், உலோகம் எனப் பிரிக்கின்றனர். இந்தோர் நகரின் தேவ்குராடியாக் கிடங்கில் ஏறத்தாழ 13 லட்சம் டன் பழைய குப்பை இவ்வாறு அகற்றப்பட்டது. சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இம்முறையே கையாளப்படுகிறது.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. மின்கலங்கள், பாதரசம் உள்ள குழல்விளக்குகள், வண்ணப்பூச்சு டப்பாக்கள், காலாவதியான மருந்துகள் ஆகியவை வீட்டுக் குப்பையோடு வந்து சேர்கின்றன. அவற்றின் நச்சு நுண்ணிய மண்ணோடு கலந்துவிட்டால் எந்தச் சல்லடையாலும் அதனைப் பிரிக்க இயலாது. அதனால் சலித்த மண்ணை ஆய்ந்த பிறகே பயன்படுத்தவேண்டும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டுத் தீங்குக் கழிவு என மூவகையாகப் பிரித்துத் தரவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறியதன் காரணமும் இதுவே. தீர்ந்துபோன மின்கலத்தைத் தனியே எடுத்துவைக்க ஒரு கணம் போதும். அது மண்ணோடு கலந்தபின் பிரித்தெடுக்க ஒரு தலைமுறையும் போதாது.

அருஞ்சொற்பொருள்

பத்திரம் – எழுதிப் பதிவு செய்த ஆவணம்
கசிவுநீர் – குப்பையினூடே இறங்கி அதன் நச்சைக் கலந்துகொண்டு வெளிவரும் நீர்
நிலவறை – வீட்டின் தரைமட்டத்திற்குக் கீழுள்ள அறை
நெடி – மூக்கைத் துளைக்கும் கடுமையான வாடை
அகழி – நீளமாக வெட்டிய ஆழமான பள்ளம்
பட்டுப்போதல் – மரம், செடி உயிரற்றுக் காய்ந்துபோதல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. லவ் கால்வாய் எந்நோக்கத்திற்காகத் தோண்டப்பட்டது?
2. களிமண் குழி 'தொட்டியைப் போல்' அமைந்தது எவ்வாறு?
3. கழிவை முழுவதும் தோண்டி எடுக்காததற்குரிய காரணங்கள் யாவை?

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. விற்பனைப் பத்திரத்தில் எச்சரிக்கை எழுதியதால் நிறுவனத்தின் பொறுப்பு தீர்ந்ததா? பள்ளி வாரியத்தின் பொறுப்பு என்ன? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. லவ் கால்வாயில் கையாண்ட முறையையும் இந்தோரில் கையாண்ட முறையையும் ஒப்பிடுக.

இ. மொழிப்பயிற்சி: தன்வினை, பிறவினை
எழுவாய் தானே செய்யும் செயலைக் குறிப்பது தன்வினை. எழுவாய் பிறவற்றைச் செய்விப்பதைக் குறிப்பது பிறவினை.
பீப்பாய்கள் மண்ணில் புதைந்தன. – தன்வினை
நிறுவனம் பீப்பாய்களை மண்ணில் புதைத்தது. – பிறவினை
முதல் தொடரில் செய்தவர் யார் என்பது புலப்படவில்லை. இரண்டாம் தொடரில் புலப்படுகிறது. அவ்வாறே பின்வருவனவற்றை, பொருத்தமான எழுவாய் சேர்த்துப் பிறவினைத் தொடர்களாக மாற்றுக.
1. குழி குப்பையால் நிறைந்தது.
2. களிமண் மூடி சிதைந்தது.
3. கசிவுநீர் வடிகாலில் சேர்ந்தது.

ஈ. செயல்பாடு
1. ஒரு வாரம் உங்கள் வீட்டில் சேரும் தீங்குக் கழிவுகளைப் பட்டியலிடுக. அவற்றைத் தனியே பெற்றுக்கொள்ளும் இடம் உங்கள் பகுதியில் உள்ளதா என விசாரித்து அறிக. இல்லையெனில், அத்தகைய இடம் ஒன்றை அமைக்க வேண்டி நகராட்சி ஆணையருக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுக.
2. ஊரிலுள்ள உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் எருக்குழி பற்றிக் கேட்டறிக. அதில் எவற்றை இட்டனர், எவற்றை இடவில்லை என்பதைப் பத்து வரிகளில் எழுதுக.